வளவுக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இடித்த வீடுகளில் இருந்து வந்த பர்மா தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் தூக்கு, ரவி வர்மா அச்சுப் படம் எல்லாம் வாசல் வரைக்கும் அடுக்கியிருக்கும். அந்தப் பக்கம் போனால் நான் இரண்டு சாமான்களைத்தான் தேடிப் பார்ப்பேன். ஒன்று, பித்தளைப் பாத்திரங்கள். இன்னொன்று, சட்டம் போட்ட குடும்பப் போட்டோக்கள்.

பாத்திரத்தின் மேல் விலாசம் வெட்டியிருக்கும். செட்டிநாட்டில் விலாசம் என்பது முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த குடும்ப அடையாளம். கடைக்கும் அதுதான் பெயர், அண்டாவுக்கும் அதுதான் பெயர். அந்த நாலெழுத்தைப் படித்ததும் இன்ன ஊர், இன்ன வீடு என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வீடு விற்றுப்போய், பங்காளிகள் நாலு தேசத்துக்குச் சிதறிப்போய், அண்டா மட்டும் கடைக்கு வந்து சேர்ந்த பிறகும் அது யாருடையது என்று தெரிந்துகொள்ள முடிகிறது. போட்டோவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நாற்காலியில் கழுத்துநிறைய நகையோடு உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண் யார், பக்கத்தில் கோட்டுப் போட்டு நிற்கும் பையன் யார் என்று பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் ஒரு எழுத்து இருக்காது. கடைக்காரர் தேக்குச் சட்டத்துக்கு விலை சொல்வார். உள்ளே இருக்கும் மனிதர்கள் ஏதாவது ஒரு ஹோட்டல் சுவருக்கு அலங்காரமாகப் போவார்கள்.

நம் எல்லோர் வீட்டிலும் இப்போது போட்டோ, வீடியோ, பத்திர நகல், மருத்துவ ரிப்போர்ட், மார்க் ஷீட் என்று ஆயிரக்கணக்கில் டிஜிட்டல் ஃபைல்கள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. பெரும்பாலானவற்றின் பெயர் கேமராவும் ஸ்கேனரும் வைத்த எண். இவற்றில் எத்தனை அந்த அண்டாவைப் போல அடையாளத்தோடு பிழைக்கும், எத்தனை அந்தப் போட்டோவைப் போல அநாதையாகும் என்பதுதான் என் கவலை. வீட்டுக் காகிதங்களை ஃபைல்களாக்கிக் கட்டிக் காப்பது இப்போது என் முழுநேர வேலையாகிவிட்டதால், கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். என் கணவர் வீட்டில் ஏழு புள்ளிக்குப் பங்கு உண்டு. திருமணமான தம்பதியை நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) கணக்கில் ஒரு புள்ளி என்போம். பிள்ளையார்பட்டி, இளையாத்தங்குடி, மாத்தூர் முதலான ஒன்பது கோயில்களில் அவரவர் கோயிலில் கல்யாணத்தைப் பதிந்து மாலை வாங்கி வந்தால்தான் அந்தப் புள்ளி கணக்கில் சேரும். எங்கள் புள்ளிகளில் பெரும்பாலானவர்கள் சென்னை, சிங்கப்பூர், பினாங்கு, நியூஜெர்சி என்று இருக்கிறார்கள். ஊரில் இருப்பவள் நான். ஆகையால் வீட்டுச் சாவியும் இரும்புப் பெட்டியும் என் பொறுப்பு.

பெட்டிக்குள் இருந்தவை: பாகப்பிரிவினைப் பத்திரங்கள், கல்யாணத்துக்கு எழுதிய இசைகுடிமான ஓலை, சீர் சாமான்களை வரிசையாக எழுதிய பட்டியல், பேரேடு, ரங்கூனில் இருந்தும் ஈப்போவில் இருந்தும் வந்த கடிதங்கள். அவற்றோடு வீடியோ கேசட்டில் இருந்து சி.டி.க்கும் சி.டி.யில் இருந்து ஹார்ட் டிஸ்க்குக்கும் குடிபெயர்ந்த கல்யாணங்கள். பிறகு செல்போன் காலம். ஒரு பிள்ளையார் நோன்புக்கு இழை எடுப்பதை வீட்டில் இருக்கும் அத்தனை பேரும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். ஒரு மணிவிழாவுக்குப் போட்டோகிராபர் கொடுக்கும் படங்களே சில ஆயிரம்.

இதில் அந்த ரங்கூன் கடிதங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. அங்கே வட்டிக்கடை வைத்திருந்த எங்கள் செட்டியார்களிடம் கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளால் கட்ட முடியவில்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் கால்பங்கு நிலம் செட்டியார் கடைகளின் கைக்கு வந்தது. 1942இல் ஜப்பான் படை நுழைந்ததும் செட்டியார்களில் பெரும்பாலானோர் ஓடிவர நேர்ந்தது. சுதந்திர பர்மா நிலத்தை எடுத்துக்கொண்டது. அங்கே நிலம் இழந்த குடியானவர்களின் பெயர்களும் எங்கள் பேரேட்டில் இருக்கின்றன. ஆகவே இந்தக் காகிதங்களை எங்கள் வீட்டுச் சொத்து என்று மட்டும் நான் நினைப்பதில்லை. நாளைக்கு ஒரு பர்மிய மாணவர் வந்து கேட்டாலும் எடுத்துக்கொடுக்கும்படி இருக்க வேண்டும்.

எடுத்துக்கொடுக்க வேண்டுமானால் முதலில் பெயர் வைக்க வேண்டும். இங்கேதான் வேலை கடினமாகிறது.

ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்வோம். முதலாளியின் கடையை அங்கே நடத்திய மேலாள் ரங்கூனில் இருந்து எழுதியது. நெல் விலையையும் வசூல் நின்றுபோனதையும் சொல்கிறது. தேதி ‘பவ வருஷம் தை மாதம் 8ந் தேதி’. பவ எந்த ஆண்டு? தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வருவதால் 1874இலும் பவ வரும், 1934இலும் வரும், 1994இலும் வரும். செய்தியை வைத்துப் பார்த்தால் நடுவில் உள்ளது. ஆனால் ஃபைலுக்கு 1934 என்று எழுதினால் தவறாகிவிடும். தமிழ் ஆண்டு சித்திரையில் தொடங்குவதால் பவ வருஷத்துத் தை, ஆங்கிலக் கணக்கில் 1935 ஜனவரி. எனவே அந்த ஸ்கேனின் பெயர் ‘1935-01_ரங்கூன்_கடிதம்_மேலாள்_01’. எந்த நாள் என்று பஞ்சாங்கம் பார்த்து உறுதிசெய்யாதவரை மாதத்தோடு நிறுத்திக்கொள்வேன். தெரிந்த அளவுக்குத்தான் பெயர் சொல்ல வேண்டும்; மீதிக்கு இடம் விட்டுவைக்கலாம்.

ஆண்டை முதலில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நாம் பழகியபடி 12-05-2019 என்று எழுதினால், கம்ப்யூட்டர் எல்லா ஆண்டுகளின் 12ஆம் தேதிகளையும் ஒன்றாகச் சேர்த்துவிடும். 2019-05-12 என்று எழுதினால் பெயர்வரிசையும் காலவரிசையும் ஒன்றாகிவிடுகின்றன. ஐ.எஸ்.ஓ. 8601 என்ற சர்வதேசத் தரமும் 1988 முதல் இதைத்தான் சொல்கிறது. அதேபோல 1, 2, 3 என்று எண் கொடுக்காமல் 001, 002 என்று கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பல மென்பொருள்களில் 1க்கு அடுத்து 10 வந்து நிற்கும்.

அடுத்த சிக்கல் ஆட்களின் பெயர். நகரத்தார் குடும்பங்களில் மூத்த பேரனுக்கு ஐயா பெயரை வைப்பது வழக்கம். அதனால் ஒரு வீட்டில் ஒரே பெயரில் மூன்று தலைமுறை இருக்கும். பெண்களிலும் அப்படித்தான், வீட்டுக்கு இரண்டு வள்ளியம்மை, மூன்று மெய்யம்மை. ‘சிதம்பரம் கல்யாணம்’ என்று ஒரு ஃபோல்டர் இருந்தால் எந்தச் சிதம்பரம்? நான் பெயரோடு பிறந்த ஆண்டையும் சேர்க்கிறேன்: சிதம்பரம்-1911, சிதம்பரம்-1962. சர்டிபிகேட் இல்லாத பழைய ஆட்களுக்கு ஜாதகக் குறிப்பு உதவுகிறது.

இதைவிடச் சிக்கல் சுவீகாரம். பிள்ளை இல்லாத வீட்டுக்கு இன்னொரு வீட்டுப் பிள்ளை போவது இங்கே சகஜம். பதினைந்து வயதுவரை ஒரு வீட்டுப் பிள்ளை, அதன் பிறகு வேறொரு விலாசம். எங்கள் வீட்டில் அப்படிப் போனவர் ஒருவர் உண்டு. அவருடைய பள்ளிக்கூடச் சான்றிதழ் எங்கள் பெட்டியில், கல்யாணப் பத்திரிகை அவர்கள் பெட்டியில். அவருடைய சுவீகார ஓலை எந்த வீட்டு ஃபோல்டரில் இருக்க வேண்டும்? இரண்டிலும் நகல் வைத்தால், ஒன்றில் திருத்தும்போது மற்றது பழசாகவே இருந்துவிடும்.

இந்தக் கேள்விக்கு எனக்கு விடை சொன்னவர் ஒரு கணக்கு வாத்தியார். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். பயிற்சிக்காக லண்டன் போனபோது ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். ஒரே துண்டுகளையும் திருகாணிகளையும் வைத்து வெவ்வேறு பொம்மைகளைச் செய்ய முடிவதைக் கண்டு, புத்தகங்களுக்கான குறியீட்டையும் அப்படித் துண்டு துண்டாகச் செய்து இணைக்கலாம் என்று நினைத்தார். 1933இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்பு முறை அந்த யோசனையின் மேல் நிற்கிறது. எந்தப் பொருளையும் ஐந்து முகங்களில் பார்க்கலாம் என்றார்: எதைப் பற்றியது, எதனால் ஆனது, என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம்.

வீட்டு ஃபைலுக்கும் இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் அனுபவம். யார், என்ன காகிதம், என்ன நிகழ்ச்சி, எந்த ஊர், எப்போது. இந்த ஐந்தில் தெரிந்தவற்றைப் பெயரில் கோத்துவிட்டால், ஃபைல் எந்த ஃபோல்டரில் இருந்தாலும் தேடல் பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டி எடுத்துவிடலாம். ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் ஃபோல்டர் என்று எட்டுக் கட்டு வைத்து வீடு கட்ட வேண்டியதில்லை. நான் மூன்றுக்கு மேல் போவதில்லை. மேல்மட்டத்தில் சொத்து, கடிதமும் கணக்கும், விசேஷம், ஆட்கள். அதற்குள் ஆண்டு அல்லது ஆள். அதற்குள் ஃபைல். சுவீகாரம் போனவரின் ஓலை ‘ஆட்கள்’ என்பதற்குள் அவர் பெயரில் ஒரே இடத்தில் இருக்கிறது. இரண்டு வீட்டு விலாசமும் ஃபைல் பெயரில் இருப்பதால் எந்த வீட்டார் தேடினாலும் அகப்படும்.

ரங்கநாதன் 1931இல் எழுதிய நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. என் மனத்தில் அதிகம் ஓடுவது அதுதான். சிங்கப்பூரில் இருக்கும் கொழுந்தனார் மகன் ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிடுவான்.

“பெரியாத்தா, பாகப்பிரிவினைப் பத்திரம் உடனே வேணும். வக்கீல் கேட்கிறாக.”

“எந்த வருஷத்தது தம்பி? ரெண்டு இருக்கு.”

“மேல்வீட்டைப் பிரிச்சது.”

பெயரில் ‘மேல்வீடு’ என்ற சொல் இருப்பதால்தான் அது நிமிஷத்தில் அவன் போனுக்குப் போகிறது. சர்வே எண்ணும் பத்திர எண்ணும் வக்கீலுக்கு முக்கியம். வீட்டு மனிதர்களுக்கு நினைவில் இருப்பது மேல்வீடு. இரண்டும் பெயரில் இருக்க வேண்டும்.

காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு சேகரிப்பைப் பற்றிப் பேசும்போது கோட்டையூரைச் சொல்லாமல் இருக்க முடியாது. பக்கத்து ஊர்தான். அங்கே ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். வாழ்நாள் முழுக்கத் தமிழ்ப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் தேடித் தேடிச் சேர்த்தார். பெரிய இலக்கியங்களை மட்டும் அல்ல. நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், சித்த வைத்தியச் சுவடி நூல், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் பழைய பேப்பர்காரரிடம் போட்டதை எல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் காலமானபோது வீட்டில் சுமார் 50,000 புத்தகங்கள் இருந்தன. மற்றவற்றையும் எண்ணினால் ஒரு லட்சம் உருப்படி. சிகாகோ பல்கலைக்கழகம் குடும்பத்தாரிடம் இருந்து அதை வாங்கியது. ஆனால் அமெரிக்காவுக்குக் கொண்டுபோகவில்லை. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைந்து, 1996இல் ஆய்வாளர்களுக்குத் திறந்தது. இப்போது தரமணியில் இருக்கிறது.

1994க்கும் 1996க்கும் இடையில் என்ன நடந்தது என்பதை நான் அடிக்கடி யோசிக்கிறேன். லட்சம் உருப்படியை மூட்டை கட்டி லாரியில் ஏற்றுவது வேலையின் சின்னப் பகுதி. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, தலைப்பு, ஆசிரியர், பதிப்பாளர், ஊர், ஆண்டு என்று பார்த்து, பட்டியலில் ஏற்ற வேண்டும். அட்டை கிழிந்தவற்றுக்கு உள்ளே தேட வேண்டும். பிறகு நொறுங்கும் தாள்களை மைக்ரோஃபிலிம் எடுக்க வேண்டும். கோட்டையூர் வீட்டில் ஒரு புத்தகம் எங்கே இருக்கிறது என்பது அந்த ஒரு மனிதரின் நினைவில் பெருமளவு இருந்திருக்கும். அந்த நினைவை வேறு யாரும் படிக்கக்கூடிய பட்டியலாக மாற்றிய பிறகுதான் உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் அதைக் கேட்க முடிந்தது. செட்டிநாட்டு வீடுகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அந்த வீடுகளின் காகிதங்களுக்கு அப்படி எந்தப் பட்டியலும் இல்லை. அவரவர் வீட்டில் அவரவர் எழுதினால்தான் உண்டு.

நான் எழுதும் பட்டியல் ஒரு எளிய எக்செல் தாள். ஒவ்வொரு வரியும் ஒரு ஃபைல், அல்லது ஒரு நிகழ்ச்சியின் முழுத் தொகுப்பு. தேதி, ஊர், ஆட்கள், விவரம், அசல் எங்கே இருக்கிறது. கடைசியில் ஒரு நெடுவரிசை: ‘சொன்னவர்’. இந்தக் கடைசி நெடுவரிசையை யாரும் விட்டுவிடக் கூடாது.

என் கணவரின் அத்தைக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. பழைய குரூப் போட்டோவைப் பெரிதாக்கி டேப்லெட்டில் காட்டுவேன்.

“அயித்தை, வலப்பக்கம் மூணாவது நிக்கிறது யாரு?”

“அது எங்க அப்பச்சியோட கடைசித் தங்கச்சில்ல. கானாடுகாத்தான்ல கட்டிக் குடுத்தது. காதைப் பாரு, ஒரு பக்கம் தோடு இல்லை. வண்டியில வர்றப்ப விழுந்துபோச்சுன்னு அன்னிக்கு முழுக்க அழுதாக.”

தோடு இல்லாத காது அந்தப் படத்தில் உண்மையிலேயே தெரிகிறது. அவர் சொல்லும்வரை அதை நான் கவனித்ததில்லை. அவர் பேசுவதைப் போனில் பதிவுசெய்து, படத்தின் பெயரையே அந்த ஆடியோவுக்கும் வைத்து, இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கிறேன். பட்டியலில் ‘சொன்னவர்: அயித்தை, 2023’. வேறொரு பங்காளி, அது வேறு ஆள் என்று சொன்னால் அதையும் அடுத்து எழுதுவேன். யார் சொன்னது சரி என்று தீர்மானிக்கப் பின்னால் வருபவர்களுக்கு ஆதாரம் வேண்டும் அல்லவா? உங்கள் வீட்டில் எண்பது தாண்டியவர் யாராவது இருந்தால் ஸ்கேன் செய்வதைத் தள்ளிப்போட்டுவிட்டு முதலில் இதைச் செய்யுங்கள். தாள் இன்னும் பத்து வருஷம் தாங்கும்.

இனி செல்போன் படங்கள். கேமராக்கள் வைக்கும் எண் பெரும்பாலும் நாலு இலக்கம். 9999 ஆனதும் மறுபடி 0001 என்று தொடங்கும். அதனால் இரண்டு வெவ்வேறு படங்களுக்கு ஒரே பெயர் வந்து, ஒரே ஃபோல்டரில் போடும்போது ஒன்றை மற்றது அழித்துவிடலாம். கேமராவிலோ போனிலோ எடுத்த படத்துக்குள் பொதுவாக எடுத்த நாள், நேரம், கேமரா, சில சமயம் இடம் எல்லாம் மறைவாகப் பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரம் உரிந்துபோகிறது, படத்தின் தரமும் குறைகிறது. வாட்ஸ்அப் ஃபைல் பெயரில் உள்ள தேதி படம் எடுத்த தேதி அல்ல, வந்து சேர்ந்த தேதி. 1980இல் எடுத்த படத்தை யாரோ போன பொங்கலுக்கு அனுப்பினால் அது போன பொங்கல் படமாகத் தோன்றும். அதனால் எங்கள் குடும்பக் குழுவில், வைத்துக்கொள்ள வேண்டிய படங்களை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பும்படி சொல்லியிருக்கிறேன். அப்படி அனுப்பினால் ஃபைல் மாறாமல் முழுசாக வரும்.

வருபவை எல்லாம் முதலில் ‘வரவு’ என்ற ஃபோல்டருக்குள் விழும். தமிழ் மாதப் பிறப்பன்று உட்கார்ந்து, பெயர் வைத்து, இடம் பார்த்து அனுப்பி, வரவைக் காலி செய்கிறேன். விசேஷம் நடந்த மாதமானால் அதிக நேரம் ஆகும். தினமும் செய்வது யாராலும் முடியாது. வருஷத்துக்கு ஒருமுறை என்றால் யார் எவர் என்பது மறந்துவிடும்.

எதை அழிப்பது என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரே ஃபைலின் இரண்டாவது நகல், கண் மூடிய, கை நடுங்கிய படங்கள், வாட்ஸ்அப் காலை வணக்கங்கள். இவற்றை யோசிக்காமல் அழிக்கலாம். ஒரு மனிதருக்கு நம்மிடம் இருப்பதே ஒரு படம்தான் என்றால், அது எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அழிக்கக் கூடாது. இந்த விதியை நான் தளர்த்துவதே இல்லை.

தமிழர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் தமிழில் தட்டச்சு செய்த ஃபைல்களைத் திறந்தால் பல சமயம் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். பாமினி போன்ற எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தைப் பொருத்தியிருந்தார்கள். அந்த எழுத்துரு கம்ப்யூட்டரில் இல்லையென்றால் தமிழும் இல்லை, தேடினாலும் அகப்படாது. யூனிகோடில் 1991இலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டாலும் நம் ஊர் டி.டி.பி. கடைகளுக்கு அது வந்து சேர வெகுகாலம் ஆனது. தமிழக அரசு யூனிகோடை ஏற்றதே 2010இல்தான். எங்கள் வீட்டுக் குலவரலாறு ஒன்று பாமினியில் கிடந்தது. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மென்பொருள் அதை யூனிகோடாக மாற்றித் தந்தது. உங்களிடம் அப்படி ஏதாவது இருந்தால், படிக்கத் தெரிந்த மென்பொருள் கைக்கு எட்டும்போதே மாற்றிவிடுங்கள். பழைய ஃபைலையும் பக்கத்தில் வைத்திருங்கள்.

பெயர் வைத்தாகிவிட்டது. காப்பது எப்படி? பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் போட்டோகிராபர் சொல்லிப் பரவிய 3-2-1 என்ற விதி இருக்கிறது. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரில். கடைசி எண்ணைத்தான் நம்மவர்கள் விட்டுவிடுகிறார்கள். யாழ்ப்பாணப் பொது நூலகத்தை 1981இல் எரித்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அவற்றில் வேறு பிரதி இல்லாத ஏடுகளும் இருந்தன. அந்த இழப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. இலங்கைத் தமிழர்கள் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற டிஜிட்டல் சேமிப்பு ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஓர் எண் கொடுத்து யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ள விடுகிறது. ஆயிரம் வீடுகளில் பிரதி இருப்பதை யார் எரிக்க முடியும்? 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தளத்து வீடுகளில் பீரோவும் கம்ப்யூட்டரும் ஒன்றாக மூழ்கின. ஒரே அறையில் மூன்று பிரதி வைப்பது மூன்று பிரதி ஆகாது. எங்கள் பிரதிகளில் ஒன்று வீட்டு முற்றமான வளவை ஒட்டிய அறையில், ஒன்று சென்னையில் நாத்தனார் மகளிடம், ஒன்று கூகுள் டிரைவில்.

நகல் எடுத்தால் போதாது, சரிபார்க்க வேண்டும். பர்மாவிலும் மலாயாவிலும் இருந்த மேலாள்கள் ஊரில் இருந்த முதலாளிக்கு ஐந்தொகை அனுப்புவார்கள். பற்றும் வரவும் ஒத்துவராவிட்டால் அன்று பெட்டியை மூடமாட்டார்கள் என்று ஐயாக்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஃபைல்களுக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு ஃபைலின் உள்ளடக்கத்தில் இருந்தும் கம்ப்யூட்டர் ஒரு நீண்ட குறியீட்டைக் கணக்கிட்டுத் தரும். செக்சம் என்பார்கள். ஒரே ஒரு புள்ளி மாறினாலும் குறியீடு மாறிவிடும். அசலின் செக்சமும் நகலின் செக்சமும் ஒன்றாக இருந்தால் நகல் பழுதில்லை. இலவச மென்பொருள்களே இதைச் செய்கின்றன. அது வேண்டாம் என்பவர்கள் இரண்டு பக்கத்திலும் ஃபைல்களின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்துவருகிறதா என்றாவது பார்க்க வேண்டும். நான் சரஸ்வதி பூஜையை இதற்கு வைத்திருக்கிறேன். புத்தகங்களோடு ஹார்ட் டிஸ்க்குகளும் பூஜையில் இருக்கும். மறுநாள் விஜயதசமி அன்று ஒவ்வொன்றையும் இணைத்து, திறந்து, கணக்குப் பார்ப்பேன். ஐந்தாறு வருஷமான டிஸ்க்கை, ஓடிக்கொண்டிருந்தாலும், மாற்றிவிடுவேன்.

சாவி யாரிடம் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். இரண்டு ஆண்டு தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை நீக்கிவிடலாம் என்று கூகுள் 2023இல் விதி கொண்டுவந்தது. கணக்கு வைத்திருப்பவர் காலமாகிவிட்டால் வீட்டார் பாஸ்வேர்டு தெரியாமல் நிற்பார்கள். பிள்ளைகளின் சின்ன வயதுப் படங்கள் அதோடு போய்விடும். இதற்காகவே கூகுளில் ஒரு வசதி இருக்கிறது. குறிப்பிட்ட மாதங்கள் நாம் கணக்கைத் தொடாவிட்டால், நாம் சொல்லிவைத்தவர்களுக்குத் தகவல் போகும். அவர்கள் ஃபைல்களை இறக்கிக்கொள்ளலாம். அமைப்புப் பகுதியில் அதைச் செய்துமுடிக்கச் சில நிமிஷம்தான் ஆகும். நான் இரண்டு பேர் பெயரைக் கொடுத்திருக்கிறேன். டிஸ்க்கின் பாஸ்வேர்டு ஒரு தாளில் எழுதி, பத்திரங்களோடு இரும்புப் பெட்டியில் இருக்கிறது.

போன மாதம் பினாங்கில் இருக்கும் பேத்தி முறைப் பெண் ஒருத்தி, அவளுடைய கொள்ளுப்பாட்டியின் சீர் சாமான் பட்டியலை என்னைக் கேட்காமல் தானே தேடி எடுத்துவிட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் அவள் ஒரு குறையும் சொன்னாள். பேசத் தெரிந்தாலும் அவள் தம்பிகளுக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. பட்டியலை ஆங்கில எழுத்தில் மாற்றிவிட முடியுமா என்று கேட்டாள். மாற்றமாட்டேன் என்றேன். ‘வைரத்தோடு’, ‘வெள்ளிக் கும்பா’ என்பவை அந்தத் தாளில் எப்படி இருக்கின்றனவோ அப்படித்தான் பெயரிலும் இருக்க வேண்டும். பேசிப் பேசி, ஃபைல் பெயர் தமிழிலேயே இருக்கட்டும், பட்டியலில் ஆங்கில எழுத்துக்கென்று கூடுதலாக ஒரு நெடுவரிசை போடுவோம் என்று முடிவானது. அதை நிரப்பும் வேலையை அவளிடமே கொடுத்திருக்கிறேன். முதல் நூறு வரி வந்துவிட்டது. அதில் இரண்டு இடத்தில் உறவு முறையைத் திருத்தி, ‘சொன்னவர்’ என்ற இடத்தில் தன் ஆயா பெயரையும் எழுதி அனுப்பியிருக்கிறாள்.